அசந்த உறக்கம்

தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கிய அன்றைக்கு நாலுமுக்குத் தொழிலாளர் லைன் வீடுகளில் அழாத ஆள் இஸ்ரவேல் ஒருத்தன்தான். மற்றவர்கள் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார்கள். தேயிலைத் தூரில் போய் முத்தம் கொடுத்த கிழவர்கள்கூட உண்டு. இவன் கட்டிலையும் பாத்திரத்தையும் தையல் மிஷினையும் லாரியில் கயிறு போட்டு இறுக்கிவிட்டு, பெண்டாட்டி இன்பமணியை டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றி உட்கார வைத்து, "போவோமா அண்ணாச்சி" என்று கேட்டான். கல்நெஞ்சுக்காரப் பயல் என்று ஏசினார்கள். ஏசட்டும். அவன் நினைப்பெல்லாம் கீழே திருநெல்வேலியில் இருந்த பெரியாஸ்பத்திரியில் கிடந்தது. குடியேறப் போகிற வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் என்று விசாரித்து வைத்திருந்தான்.

அவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமானால் எப்சிபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுடைய முதல் பிள்ளை. ஐந்து மாதக் குழந்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாசம், விடாமல் பதினோரு நாள் மழை. ஒரு தும்மலில்தான் ஆரம்பித்தது. மறுநாள் மூக்கு ஒழுகியது, அதற்கு மறுநாள் நெஞ்சு கர்கர் என்றது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் மரம் விழுந்து பாதை அடைத்துக் கிடந்தது. நான்கு பேர் அரிவாளால் வெட்டி வழி எடுக்க ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த ரெண்டு மணி நேரமும் இஸ்ரவேல் பிள்ளையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மணிமுத்தாறு செக்போஸ்டுக்கு வரும்போது பிள்ளையின் கால் பனிக்கட்டி மாதிரி இருந்தது. இன்பமணிக்கு அது தெரியாது. அம்பாசமுத்திரம் போகிற வரைக்கும் அவன் சொல்லவில்லை.

அதனால் ரெண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகு எஸ்டேட்டை மூடியதை அவன் ஆண்டவர் போட்ட வழி என்றே எடுத்துக்கொண்டான். நான்கு வழிச்சாலைக்கு அந்தப் பக்கம் கட்டிய அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடி கிடைத்தது. அதற்கு மேல் மொட்டை மாடிதான். குடிவந்த வாரமே, கீழே ஆட்டோ போட்டிருக்கும் சல்மான் ஃபாரிஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சும்மா ஒரு தடவை போய்த் திரும்பி வந்தான். "யாருண்ணே உள்ள இருக்கா?" என்று அந்தப் பையன் கேட்டதற்கு, "ஒருத்தரும் இல்ல. எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாத்தேன்" என்றான். பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

பங்குனியில் ஆண் பிள்ளை பிறந்தது. யாபேஸ் என்று பேர் வைத்தார்கள். மூன்று கிலோ, நல்ல குரல், வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. இஸ்ரவேல் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று சிரித்தான்.

ஆனால் வெயில். மலைக்காரர்களுக்குத் திருநெல்வேலி வெயில் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கே சுவர் சுடும். மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். தளத்துக்கு நேர் கீழே இருந்த அவர்கள் வீட்டில் மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அடித்தது. இஸ்ரவேல் முதுகெல்லாம் வேர்க்குரு. அவனுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற வேலை. விடியுமுன் பஸ் ஏறிப் போய், வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று தார் வெட்டி, சும்மாட்டில் வைத்து வரப்பு வழியாகச் சுமந்து வந்து, லாரியில் சருகு போட்டு அடுக்க வேண்டும். வாழைக்கறை பட்டு அவன் சட்டை ஒன்றும் சட்டையாக இல்லை. பத்து மணிக்குப் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் சின்ன உள்ளியும். கூட வேலை பார்க்கிற வயல்காட்டு ஆட்கள் வெயிலை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். இவன் தார் ஒன்றுக்கு ஒரு தடவை வாய்க்காலில் தலையை முக்குவான்.

"என்ன வே, மலையில பொறந்தா இப்படியா?" என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள். "மெழுகுல செஞ்ச ஆளு மாதிரி உருகுதீரு."

இவனும் சிரித்துவிட்டு அடுத்த தாரைத் தூக்குவான்.

தனக்கு வெக்கை என்றால் தெரிந்தவனுக்குப் பிள்ளை விஷயத்தில் மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. அங்கேதான் கோளாறு. பிள்ளைக்கு வருகிற ஆபத்து என்றால் அவனைப் பொறுத்தவரை குளிர்தான், ஈரக்காற்றுதான். ராத்திரி எழுந்து எழுந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பான். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். அவன் கண்ணை மூடினால் இன்பமணி எழுந்து பார்ப்பாள். இப்படியே மாறி மாறி ரெண்டு பேரும் நாற்பது நாளாகச் சரியாக உறங்கவில்லை. பிள்ளை மட்டும் நன்றாக உறங்கியது.

அவர்களுக்கு இருந்த ஒரே தைரியம் சாரம்மாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகையில் நாற்பது வருஷம் ஆயா வேலை பார்த்தவள். நாலுமுக்கில் பிறந்து அவள் மடியில் கிடக்காதவர்கள் கிடையாது. இஸ்ரவேலும் கிடந்தவன்தான். எல்லாருக்கும் அவள் ஆயாம்மா. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இங்கே கீழ்த்தளத்தில் வீடு. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற ஐந்தாறு பெண்கள் அவளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அதில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

யாபேஸை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கு அவளும் மலை வழக்கப்படி தொப்பி மாட்டி, ஸ்வெட்டர் போட்டு, கம்பளியில் சுற்றித்தான் தொட்டிலில் போட்டாள். மூன்றாம் நாள் வீடு தேடி வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டது. "சித்திரை வெயிலு வருது, பிள்ளய அவிக்கப் போறீங்களா? ஒரு பருத்தித் துணி போதும்." அவ்வளவுதான். சாரம்மாள் அங்கேயே எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள்.

"நாப்பது வருசமா செஞ்சது இங்கன செல்லாது போல" என்றாள். "சரி, போட்டும். ஊருக்குத் தக்கன வளத்துட்டுப் போவோம்."

அன்றிலிருந்து ஒற்றைப் பருத்தித் துண்டு, திறந்த சன்னல், கையில் பனையோலை விசிறி. அறுபத்தைந்து வயசுக்காரி ஒரே நாளில் மாறிக்கொண்டாள். முப்பத்தொரு வயசுக்காரனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிள்ளை உரித்த கோழி மாதிரி கிடப்பதாக அவனுக்குத் தோன்றும். யாரும் பார்க்காதபோது தன் துண்டை எடுத்துப் பிள்ளையின் காலில் போடுவான். இன்பமணி எடுத்துவிடுவாள்.

நாற்பத்திரண்டாம் நாள் நடந்தது இது.

ரேஷன் கார்டில் பிள்ளை பேரைச் சேர்க்க வேண்டும். இன்பமணியின் ஆதாரில் இன்னும் எஸ்டேட் விலாசமே கிடந்தது. அதை மாற்றாமல் இது நடக்காது. கைரேகை வைக்க அவளே நேரில் போக வேண்டும். காலையில் தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளய ஆயாம்மாகிட்ட விட்டுட்டுப் போறேன். நீங்க வேலைக்குப் போங்க."

"எதுக்கு? பெத்தவன் இருக்கேன்லா. நானே பாத்துக்கிடுதேன்."

"அழுதா என்ன செய்வீங்க?"

"தூக்குவேன்."

"பசிச்சா?"

"பால எடுத்து வச்சுட்டுப் போ. சங்குல குடுக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆசைதான். சரி, பாருங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்."

சாரம்மாள் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினாள். துடைத்து, துண்டில் கிடத்தி, அவன் கையில் கொடுத்தாள்.

"ஏலே இஸ்ரவேலு, இந்த ஒத்தத் துணி போதும். சன்னல சாத்தாத. தொப்பி கிப்பி மாட்டிராத. கேட்டியா?"

"கேட்டேன் ஆயாம்மா."

"கேட்டேங்கான். மூஞ்சி கேட்ட மூஞ்சி மாதிரி இல்லையே."

"கேட்டேன்னு சொல்லுதம்லா."

"பிள்ள அசந்து கெடந்தா கழுத்துல கைய வச்சுப் பாரு. சூடா இருந்தா என்னக் கூப்புடு. நான் கீழதான் இருக்கேன்." கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து சன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டுப் போனாள்.

முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொஞ்சம் பெய்திருந்தது. காலையிலும் மேற்கே மழைக் கருக்கல் கட்டிக்கொண்டு நின்றது. பத்தரை மணிவாக்கில் பொதிகைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. சன்னல் திரை உப்பி எழுந்தது. ஈர மண் வாசனையோடு வந்த காற்று. அதை அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்போது பிள்ளை தும்மியது.

ஒரு தும்மல். பிறகு இன்னொன்று.

ஊரில் பிள்ளைகள் தும்மாமலா இருக்கின்றன? தும்மிவிட்டு அது பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. ஆனால் இவன் தொட்டிலுக்குள் குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திக் கொண்டி போட்டான். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தான். தொப்பி, காலுறை, ஸ்வெட்டர், கட்டம் போட்ட கம்பளி எல்லாம் மடித்தபடியே இருந்தன. செத்த நேரம்தானே, காற்று அடங்கின பிறகு கழற்றிவிடலாம், ஆயாம்மாவுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தான். ஒவ்வொன்றாகப் போட்டான். எப்சிபாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த ரெண்டு மணி நேரத்தில் இது ஒன்று இல்லாமல் போயிற்றே என்று அவன் எத்தனையோ நாள் நினைத்து அழுதிருக்கிறான். இப்போது கம்பளியின் ஓரத்தைப் பிள்ளையின் முதுகுக்கடியில் பதமாக மடக்கிச் செருகினான்.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. கொஞ்சம் அழுதது. தட்டிக் கொடுத்தான். சங்கில் பால் கொடுத்துப் பார்த்தான், துப்பிவிட்டது. அழுகை சிணுங்கலாகி, சிணுங்கலும் நின்றது. கண் சொருகிக்கொண்டு போயிற்று.

அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தான். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. சன்னல் சாத்தியிருந்தது. காற்று உள்ளே வர வழியில்லை. மழை பெய்தாலும் மரம் விழுந்தாலும் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. பிள்ளை சூடாக, அசையாமல், பட்டுப்போல் உறங்குகிறது. ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம் என்று அவனுக்கு இருந்தது. பிள்ளை பிறந்த இந்த நாற்பத்திரண்டு நாளில் பயம் என்பதே இல்லாமல் அவன் மூச்சு விட்டது அந்த நேரத்தில்தான். சந்தோஷம் தாங்காமல் அவன் கண்ணில் நீர் வந்தது. அப்படியே உறங்கிப்போனான்.

பதினொன்றரைக்குக் கருக்கல் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. பன்னிரண்டரைக்கு மின்சாரம் போயிற்று. விசிறி நின்றது. இஸ்ரவேலுக்கு அது தெரியாது. நாற்பது நாள் உறக்கம் அவனை அமுக்கிப் போட்டிருந்தது.

ரெண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று போன இன்பமணி அங்கே கைரேகை மிஷின் முன்னால் மாட்டிக்கொண்டாள். பத்து வருஷம் கொழுந்து பறித்த விரல். ரேகை விழவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்தாள், துடைத்து வைத்தாள், எண்ணெய் தேய்த்து வைத்தாள். "அழுத்தி வைங்கக்கா", "லேசா வைங்கக்கா", "கைய கழுவிட்டு வாங்க" என்று அங்கே இருந்த பெண் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. மார்பு கட்டிப் பால் கசிந்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. 'அவங்க இருக்காங்க, பாத்துக்கிடுவாங்க' என்று தன்னையே தேற்றிக்கொண்டு அடுத்த விரலை வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு யாரோ கதவை இடித்தார்கள்.

"ஏலே, தொற கதவ. என்ன, ஒரு சத்தத்தையும் காணும்? பிள்ள பசிச்சு அழலையா?"

இஸ்ரவேல் எழுந்தான். உடம்பெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி வேர்வை. தாழ்ப்பாளை நீக்கினான். "ஒறங்குதான் ஆயாம்மா. நல்ல ஒறக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

சாரம்மாள் உள்ளே வந்ததும் சூடு முகத்தில் அடித்து ஒரு அடி பின்னால் போனாள். சாத்திய சன்னலைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். ஓடிப் போய்க் கம்பளிக்குள் கையை விட்டாள்.

"அடப் பாவி" என்றாள்.

கம்பளியை உருவினாள். தொப்பியைப் பிடுங்கினாள். ஸ்வெட்டர் பித்தானை அறுத்தாள். பிள்ளையின் தலை அவள் கையில் துவண்டு தொங்கியது. மேல் வறண்டு, செங்கல் மாதிரி சுட்டது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. பானைத் தண்ணீரில் முந்தானையை நனைத்து ஒத்தி எடுத்தாள். பிள்ளையின் வலது கை ஒரு தரம் வெட்டி இழுத்தது. வாய் ஒரு பக்கம் கோணியது.

"சல்மான கூப்புடுலே" என்றாள்.

ஆட்டோ எட்டே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஊசி, ட்யூப், ஈரத்துணி என்று நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். வராந்தாவில் இஸ்ரவேலும் சாரம்மாளும் நின்றார்கள். அவள் அவசரத்தில் அந்தக் கம்பளித் தொப்பியையும் ஸ்வெட்டரையும் கையில் பிடித்தபடியே வந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். அதே நேரம், சல்மான் போன் பண்ணிச் சொன்னதில் தலை தெறிக்க ஓடிவந்த இன்பமணியும் வந்து சேர்ந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையால் புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பிள்ளய இப்படிப் போத்தினது?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

டாக்டரம்மாவின் கண் சாரம்மாள் கையிலிருந்த ஸ்வெட்டரில் போய் நின்றது. "நீங்களா பாட்டி? இந்த வெயில்ல கம்பளியா? எத்தன தடவ சொல்லுதோம், கேக்கவே மாட்டீங்களா?"

இன்பமணி திரும்பிச் சாரம்மாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். அது சத்தியம். ஆனால் வெளியே வந்தது வேறு.

"தண்ணி லாரி வந்துச்சு. செத்த நேரம் ஆயாம்மாட்ட குடுத்துட்டுக் கீழ போனேன்."

சாரம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தரையைப் பார்த்தான். வராந்தாவில் யாரோ துடைப்பம் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் இவளைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் அவள் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரை மடித்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"நம்பித்தானே விட்டோம், ஆயாம்மா" என்று இன்பமணி அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்களத்தானே மலை மாதிரி நம்பியிருந்தோம்."

பிள்ளை பிழைத்தது. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்தது என்று சொல்லலாமே தவிர, போன பிள்ளை திரும்பி வரவில்லை. வலது கை விரல்கள் விரியாமல் மூடியே கிடந்தன. காலையும் மாலையும் வலிப்பு மருந்து. அந்த அழுகை எங்கே போயிற்றோ தெரியவில்லை. பசித்தாலும் வாய் ஓரத்தில் ஒரு முனகல், அவ்வளவுதான். விளக்கைக் காட்டினாலும் கிலுக்கை ஆட்டினாலும் கண் அந்தப் பக்கம் போகவில்லை. "மூளைக்குச் சூடு ஏறிருக்கு. கண்ணு, காது, நடை எல்லாம் போகப் போகத்தான் சொல்ல முடியும். ஆறு மாசம் பாப்போம்" என்றார்கள். இஸ்ரவேல் வாழைத்தோட்டத்துக்குப் போவான், தார் சுமப்பான், வாய்க்காலில் தலையை முக்குவான். முக்கின தலையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பான். கூட இருந்தவர்கள் ரெண்டு தடவை முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இப்போது யாரும் அவனைக் கிண்டல் செய்வதில்லை.

அடுக்கு வீட்டில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஆயாம்மாவிடம் பிள்ளையை விட்டவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி மாமியாரை வரவழைத்தாள், ஒருத்தி வேலையை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்ரவேல் கீழே இறங்கிப் போனபோது சாரம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

"எங்க ஆயாம்மா?"

"ஆலங்குளத்துல ஒரு ஆஸ்டல்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டாவளாம்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். "நான் இன்னைக்கு அவகிட்ட சொல்லிருதேன்" என்றான்.

"என்னத்த?"

"நான்தான் போத்தினேன்னு."

சாரம்மாள் சணல் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நாக்கு வரல."

"பொய் சொல்ல வந்துச்சே."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா ஆயாம்மா. ஏன் சும்மா இருந்தீங்க?"

"வாய் வரைக்கும் வந்துட்டு. அவ ஒன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னா பாத்தியா? நான் சொல்லியிருந்தா அந்தக் கைய விட்டுருப்பா. விட்டுட்டு எதப் பிடிப்பா? அதான் வாய மூடிட்டு வந்தேன். ஒனக்காவன்னு நெனச்சிராத. ஒன்னய நான் மன்னிக்கல."

"மன்னிக்க வேண்டாம்."

"மூணாவது வீட்டுல ஒரு பிள்ள இருக்கு, என் மடியிலேயே கெடந்தது. நேத்து என்னப் பாத்து ரெண்டு கையையும் நீட்டிட்டு வருது. அதப் பெத்தவ வெடுக்குன்னு தூக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்திட்டா. நாப்பது வருசம் எத்தன பிள்ள, ஒண்ணுக்கு ஒரு சிராய்ப்பு வந்ததுன்னு ஒருத்தி சொல்லட்டும்." அவள் குரல் உடைந்தது. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டேன்லாலே. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா, தொப்பி மாட்டாதன்னு."

"பயம் ஆயாம்மா. தும்முச்சு."

"தும்முச்சாம்" என்றாள். அதற்கப்புறம் அவனைப் பார்க்காமல் அடுத்த சாக்கை விரித்தாள். "போ. சொல்லுறதுன்னா சொல்லு, சொல்லாட்டிப் போ. எனக்கு இனி எதுவும் திரும்ப வராது. சல்மான் வண்டி மூணு மணிக்கு வருது, எனக்கு வேலை கெடக்கு."

மாடி ஏறும்போது அவன் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே ஏறினான். 'இன்பம், அன்னைக்குத் தண்ணி லாரி வரல.' அப்படி ஆரம்பித்துவிட்டால் மற்றது தானே வந்துவிடும். முதல் மாடியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், ரெண்டாவது மாடியில் ஒரு தடவை. அடிப்பாள். அடிக்கட்டும். வீட்டை விட்டுப் போகச் சொல்லுவாள். போய்விடலாம். ஆயாம்மா காலில் அவள் போய் விழட்டும், வண்டி வருகிறதற்கு முன்னால் நடக்கட்டும்.

இன்பமணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். கண் ரெண்டும் உள்ளே போய்க் கிடந்தது. பத்திருபது நாளில் பத்து வயசு கூடிப்போனவள் மாதிரி இருந்தாள்.

"எங்க போனீங்க?"

"கீழ."

"அவுங்ககிட்டயா?"

"ம்."

"இனி அங்க போவாதீங்க. எனக்கு அவுங்க பேரக் கேட்டாலே வயிறு எரியுது."

"இன்பம், ஒண்ணு சொல்லணும்."

"நான் மொதல்ல ஒண்ணு சொல்லுதேன்." அவள் விசிறியைக் கீழே வைத்தாள். "எனக்கு உக்கார முடியல. கண்ண மூடுனா பிள்ளய யாரோ எடுத்துட்டுப் போறாப்புல இருக்கு. ஆஸ்பத்திரில நர்சு கையில குடுக்கக்கூடப் பயந்தேன். நேத்து எங்கம்மா போன் பண்ணுச்சு, வரட்டான்னு. வேண்டாம்னுட்டேன். எங்கம்மாகிட்டகூடக் குடுக்க மாட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தர் கையில குடுத்துட்டு நான் கண்ண மூடலாம்னா அது நீங்க ஒரே ஆளுதான். நீங்க அன்னைக்கு அந்தத் தண்ணிக்கு மட்டும் போகாம இருந்திருந்தா..." சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "பிடிங்க. நீங்க வச்சிருந்தா எனக்குப் பயம் இல்ல."

அவன் வாங்கிக்கொண்டான். பிள்ளையின் தலை முழங்கை மடிப்பில் வந்து சாய்ந்தது.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்றாள்.

தண்ணி லாரி என்ற வார்த்தை அவன் தொண்டைக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். சொருகப் போகிற கண்ணைச் சொருகாமல் பிடித்து வைத்துக்கொண்டு, அவன் சொல்லி முடித்தால் படுத்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. மருந்து நாலு மணிக்கா, அஞ்சு மணிக்கான்னு கேக்க வந்தேன்."

"அஞ்சுக்கு."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். தலையணை வைக்கக்கூட இல்லை. ரெண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது. வாய் திறந்து, கை விரிந்து, வயலில் வேலை செய்து அலுத்தவர்கள் மர நிழலில் விழுந்து கிடப்பார்களே, அந்த மாதிரி உறக்கம்.

இஸ்ரவேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிள்ளை கண்ணைத் திறந்து மேல்தளத்தைப் பார்த்துக் கிடந்தது. சுட்டுவிரலை அதன் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் இடதுபுறம் நகர்த்தினான். வலதுபுறம் நகர்த்தினான். கண் தளத்திலேயே நின்றது. கழுத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தான். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சுப் பார்த்தான். மறுபடி கழுத்தில் வைத்தான்.

மூன்று மணிக்குக் கீழே ஆட்டோ வந்து நின்றது. பாத்திரச் சாக்கை ஏற்றுகிற சத்தம் கேட்டது. "பைய வைய்யிலே, ஒடஞ்சிராம" என்று சாரம்மாள் சொன்னது மூன்றாவது மாடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வண்டி கிளம்பி, திரும்பி, சாலைப் பக்கம் போயிற்று.

இன்பமணி புரண்டாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவினாள். அவன் கால் விரல் தட்டுப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கீங்கல்லா?" என்றாள்.

"இருக்கேன்" என்றான். "நீ ஒறங்கு."